வெளிநாட்டில் குடியேறிய கொங்கு நாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, காங்கேயம், நாமக்கல் பக்கமிருந்து சிங்கப்பூர், வளைகுடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போனவர்களும், ஊரில் இருந்து அவர்கள் காரியத்தைப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் சொன்னபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால். இந்திய பாஸ்போர்ட்டோடு வெளியே வசிப்பவரை என்ஆர்ஐ என்றும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியபின் 'வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன்' அட்டை வைத்திருப்பவரை ஓசிஐ என்றும் குறித்திருக்கிறோம்.

போயி ரெண்டு மாசந்தானுங்க ஆச்சு. அதுக்குள்ள நான் என்ஆர்ஐ ஆயிட்டனா?

வங்கிக்கும் நிலத்துக்கும் ஒரு சட்டம், வருமான வரிக்கு வேறொரு சட்டம். ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்கோ தொழிலுக்கோ போனாலும், எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத காரியமாகப் போனாலும், போன நாளிலிருந்தே நீங்கள் என்ஆர்ஐ. படிக்கப் போன பிள்ளைகளையும் ரிசர்வ் வங்கி இதில்தான் சேர்க்கிறது.

வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் இருந்த நாளை எண்ணுவார்கள். வேலைக்காகக் கிளம்பியவர் அந்த வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்திருந்தால் என்ஆர்ஐ. செப்டம்பர் 20-ல் போனவர் அந்த வருடமே என்ஆர்ஐ ஆகிவிடுவார். பொங்கல் முடித்துப் போனவர் வங்கிக்கு என்ஆர்ஐ, வரிக்கு மட்டும் மார்ச் வரை உள்ளூர்க்காரர். அவர் அந்த இரண்டு மாத வெளிநாட்டுச் சம்பளத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டும். துபாயில்தான் வரியே இல்லையே என்று இதை விட்டுவிடுபவர்கள் பலர்.

பழைய எஸ்பி அக்கவுண்ட்டையே வச்சுக்கிட்டா யாருக்குங்க தெரியப் போகுது?

முதல் இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. பிறகு கேஒய்சி புதுப்பிக்கச் சொல்லி வங்கி கேட்கும்போதோ, சொத்து விற்ற பணம் வந்து விழும்போதோ தெரியும். ஃபெமா மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. அந்தக் கணக்கை என்ஆர்ஐகளுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிடுங்கள். வங்கியின் படிவம், பாஸ்போர்ட் நகல், விசா அல்லது வசிப்பிட அட்டை நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் நகல் இவை போதும். நகல்களில் தூதரகம் அல்லது நோட்டரி கையொப்பம் கேட்பார்கள். கிளைக்கு நேரில் வராமல் கூரியரிலேயே பல வங்கிகள் முடித்துக் கொடுக்கின்றன.

இரண்டு கணக்கு வைத்துக்கொள்வது உத்தமம். வாடகை, தேங்காய்ப் பணம், டிவிடெண்ட் போன்ற ஊர் வருமானம் என்ஆர்ஓவுக்கு. வெளிநாட்டுச் சம்பளம் என்ஆர்இக்கு. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று படிவம் கொடுத்து இதைத் தடுக்க முடியாது. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் முழுதாகத் திரும்ப எடுத்துப் போகலாம். என்ஆர்ஓவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான், அதுவும் வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்றோடு. ஊரில் வசூலான ரூபாயை நேரடியாக என்ஆர்இயில் கட்ட முடியாது.

மாசாமாசம் அப்பா அக்கவுண்ட்டுக்குத்தானுங்க அனுப்பறேன். அதுல என்ன தப்பு?

வீட்டுச் செலவுக்கு அனுப்புவதில் ஒரு தப்பும் இல்லை. பெற்ற மகனோ மகளோ அனுப்பும் பணத்துக்கு அப்பா வரி கட்ட வேண்டியதில்லை. சேமிப்பையும் அதே கணக்கில் குவிப்பதுதான் பின்னால் வினையாகிறது. அந்தப் பணம் சட்டப்படி அப்பாவுடையது. வட்டிக்கு வரி அவர் தலையில் விழும். அவர் காலத்துக்குப் பின் கூடப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு வரும். நாமினியாக உங்கள் பெயர் இருப்பது பணத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பைத் தருமே தவிர உரிமையைத் தராது.

செலவுக்கு அப்பா கணக்கு, சேமிப்புக்கு உங்கள் என்ஆர்இ என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூலி, உரம், கட்டட வேலை என்று ஊரில் அடிக்கடி பணம் எடுக்க வேண்டியிருந்தால் வங்கியில் மேன்டேட் கடிதம் கொடுத்து அப்பாவுக்கு எடுக்கும் அதிகாரம் தரலாம். பணம் உங்களுடையதாகவே இருக்கும்.

ஊர் சிம்முக்கு ஓடிபியே வரமாட்டீங்குதுங்க. என்ன பண்றது?

90 நாள் ஒரு அழைப்போ, குறுஞ்செய்தியோ, ரீசார்ஜோ இல்லாத எண்ணைக் கம்பெனி முடக்கிவிடலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்குப் போகும். கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி வையுங்கள். வெளிநாடு போனபின் இயக்க ஓடிபி கேட்பார்கள், அது வராது. சின்ன ரீசார்ஜாவது விடாமல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சிம்மை அம்மா போனில் போட்டுவிட்டு, ஓடிபி வந்ததும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. 'வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று ஒரு மோசடிக்காரன் அம்மாவிடம் பேசினால் கணக்கே காலி. என்ஆர்ஐ கணக்குக்கு வெளிநாட்டு எண்ணையே பல வங்கிகள் பதிந்துகொள்கின்றன. சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம், சவுதி, ஓமன், கத்தார், பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங் எண்களில் யுபிஐ கூட எடுக்கலாம். என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு இணைத்திருக்க வேண்டும்.

ரேஷன் கார்டு, ஆதார், பான், ஓட்டு இதெல்லாம் என்னங்க ஆகும்?

ரேஷன் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிஎம் கிசான் உதவித்தொகை என்ஆர்ஐக்குக் கிடையாது. உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஆதார் இருந்தால் இருக்கட்டும். என்ஆர்ஐ பானை ஆதாரோடு இணைக்கக் கட்டாயமில்லை. ஆனால் வருமான வரித் தளத்தில் உங்கள் வசிப்பிட நிலையை என்ஆர்ஐ என்று மாற்றியிருக்க வேண்டும். மாற்றாதவர்களின் பான்தான் செயலிழந்து கிடக்கிறது. ஓட்டுக்குப் படிவம் 6ஏ-யில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். தேர்தல் அன்று பாஸ்போர்ட்டோடு ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்துதான் போட முடியும்.

பாஸ்போர்ட்டுல எம்பேரு மட்டுந்தானுங்க இருக்குது, சர்நேம் கட்டம் காலி. ஆகாதுங்களா?

ஊரில் ஆகும், வெளியே இடிக்கும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது. சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமாக வைத்து, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் அதுவே தொற்றிக்கொள்ளும். அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதைக் கட்டுப்படுத்திவிட்டது.

அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டை மறுபதிப்பு செய்துவிடுங்கள். குழந்தை பிறந்து பதிவு செய்யும் முன்பே செய்தால் பிள்ளைக்கும் ஒரே சீராகப் போகும். கிரயப் பத்திரத்தில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் விரித்தும் இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்று எழுதிப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கட்டிக் குடுக்கறதுல எதையெல்லாம் கொண்டு போலாமுங்க?

முதல் தடை கோவை விமான நிலையத்திலேயே வரும். முழுக் கொப்பரையை ஏற்ற மாட்டார்கள். எண்ணெய் மிகுந்த சரக்கு, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். எண்ணெயாக ஆட்டிக் கொண்டு போங்கள்.

அடுத்தது போகும் நாட்டைப் பொறுத்தது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அமீரகம், சவுதி, கத்தார், சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டத்தில் வரும். ஒரு டப்பா என்றாலும் வேண்டாம். மசாலாப் பொடியில் சேர்த்து அரைத்திருந்தாலும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை ஆகியவற்றுக்கும் வளைகுடாவில் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவுக்கு அரிசி, கொண்டைக்கடலை, பச்சைக் கறிவேப்பிலை, உப்புக்கண்டம் கூடாது. அரிசிக்குத் தடை தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டால். கறிவேப்பிலைக்குத் தடை எலுமிச்சை இன மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சியால். பிரிட்டனுக்குக் கறியும் பால் பொருளும் ஆகாது. ஊத்துக்குளி வெண்ணெய், நெய், பால்கோவா எல்லாம் அதில் அடக்கம்.

எல்லாவற்றிலும் கெடுபிடி ஆஸ்திரேலியா. அதே கப்ரா வண்டுக்காக அரிசி, துவரை, பச்சைப்பயறு, கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாய், நிலக்கடலை ஆகியவற்றைப் பயணப் பெட்டியில் தடை செய்திருக்கிறார்கள். 'அரிசியும் பருப்பும் சாதம்' என்ற நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமான் முழுக்க இதில் போய்விட்டது. மஞ்சள் தூள், சாம்பார் பொடி, நாட்டுச்சர்க்கரை என்று எது கொண்டு போனாலும் பயணி அட்டையில் 'உணவுப் பொருள் உண்டு' என்று குறித்துவிடுங்கள். குறித்தால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம், விசா ரத்தாகவும் வாய்ப்பிருக்கிறது.

கோயமுத்தூர் கிரைண்டரை அமெரிக்கா கொண்டு போனா ஓடுமுங்களா?

இங்கே வாங்கும் சாதாரண கிரைண்டர் 230 வோல்ட், 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 சைக்கிள். நேராகச் செருகினால் மோட்டார் உறுமும், கல் நகராது, கொஞ்ச நேரத்தில் மோட்டார் கம்பிச்சுருள் சூடேறி வாசம் வரும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், சைக்கிள் சரியாகாது. மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். 150 வாட் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் 200 வாட் டிரான்ஸ்பார்மர் தாங்காது, 500 வாட்டாவது வேண்டும். இவ்வளவு சிரமம் எதற்கு? கோவைக் கம்பெனிகளே 110 வோல்ட் கிரைண்டர் போடுகின்றன. கடையில் கேட்டு வாங்கி, பின்பக்கத் தகட்டில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். மிக்ஸிக்கும் இதே கதைதான்.

சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் நம் கிரைண்டர் அப்படியே ஓடும், பிளக்கைத்தான் மாற்ற வேண்டும். முதல் நான்கிலும் சதுரக் கம்பி மூன்று உள்ள பிளக், உள்ளே ஃபியூஸ் இருக்கும். கிரைண்டருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைக் கம்பி. இரண்டு கம்பி கன்வெர்ட்டரில் செருகி ஓட்டாதீர்கள். எர்த் இல்லாமல் ஈரக்கையோடு டிரம்மைத் தொட்டால் ஷாக் அடிக்கும். சவுதியில் 60 சைக்கிள், பழைய கட்டடங்களில் 127 வோல்ட்டும் உண்டு. பிளக் பாயிண்ட்டைச் சோதித்துவிட்டு ஓட்டுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது கல்லை அச்சிலிருந்து கழற்றி, துணி சுற்றித் தனியாக வையுங்கள். அச்சோடு விட்டால் வழியில் அச்சு வளைந்துவிடும். அப்புறம் கல் ஒரு பக்கமாக உரசிக் கறுப்புத் தூள் மாவில் விழும்.

மாவு பொங்கவே மாட்டீங்குதுங்க. குளிருதுனு ஓவனுக்குள்ள வச்சும் பாத்தாச்சு.

ஓவனுக்குள் வைத்தால் மட்டும் போதாது. ஓவனை மூட்டாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு, கதவைச் சாத்தி 12 முதல் 16 மணி நேரம் விடுங்கள். 28 முதல் 32 டிகிரி சூடு நின்றால் போதும். விளக்கோடு ஓவனையும் சூடாக்கினால் ஓரம் வெந்து மாவு கெட்டுவிடும். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். உப்பு நொதிப்பைத் தாமதப்படுத்தும் என்பதால் குளிர்காலத்தில் பொங்கியபின் போடுங்கள். இத்தனை செய்தும் பொங்காவிட்டால் உளுந்து பழசு. கடையில் வருடக்கணக்கில் கிடந்த உளுந்து அரைக்கும்போதே நுரைக்காது, கடையை மாற்றுங்கள்.

அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளைல தனியா இருக்கறாங்க. ராத்திரி ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னங்க பண்றது?

வெளிநாட்டிலிருந்து போனில் சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. முன்பே செய்துவைக்க வேண்டியவைதான் கைகொடுக்கும். ஒரே தாளில் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, பழைய இசிஜி விவரம், இன்சூரன்ஸ் எண், போக வேண்டிய மருத்துவமனை எல்லாவற்றையும் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதன் படம் இரண்டு பேர் போனில் இருக்கட்டும்: கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வரக்கூடிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், டவுனில் இருக்கும் சொந்தம் ஒருவர். தோட்டத்து வீடான சாளைக்குக் கதவு எண் கிடையாது, 108 வண்டி வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரித் தடத்தில் வழி தவறிச் சுற்றும். மெயின் ரோட்டில் திரும்பும் இடத்தின் அடையாளத்தையும் மேப் குறியையும் அந்த இருவருக்கும் அனுப்பிவையுங்கள். இட்டேரியின் இரு பக்கக் கிளுவை வேலியையும் வண்டி நுழையும் அகலத்துக்கு வருடா வருடம் வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பணம் அப்பா ஒருவரே எடுக்கும்படி இருக்கக் கூடாது. அவர்தான் படுக்கையில் இருப்பார். அம்மாவையும் சேர்த்த கணக்கும், அம்மாவுக்குத் தெரிந்த ஏடிஎம் பின் நம்பரும் வேண்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் பல வீடுகளுக்குத் தனியார் பாலிசிதான் வழி. பிரீமியத்தை உங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்தே கட்டலாம். சர்க்கரை, பிரஷரை மறைத்துப் பாலிசி எடுக்காதீர்கள். கிளெய்ம் தள்ளுபடியாவது பெரும்பாலும் இதனால்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு விலைக்கு வருது. நான் இங்கிருந்தே வாங்கிப் போடட்டுமுங்களா?

முடியாது. என்ஆர்ஐயோ ஓசிஐயோ இந்தியாவில் விவசாய நிலம், தோட்டப் பயிர் எஸ்டேட், பண்ணை வீடு வாங்க ஃபெமா அனுமதிப்பதில்லை. தோப்பு, தோட்டம், மானாவாரிக் காடு எல்லாம் விவசாய நிலம்தான். தானமாகவும் பெற முடியாது. அங்கீகாரம் பெற்ற வீட்டு மனை, வீடு, கடை, அபார்ட்மெண்ட் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைக் கேட்க மாட்டார்கள், பத்திரம் பதிவாகிவிடும். பதிவானதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

அப்பா பெயரிலோ மச்சான் பெயரிலோ வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அப்பா தன் பணத்தில் வாங்கினால் அது அவர் நிலம். அதன்பின் நடப்பது மூன்றாவது கேள்வியில் சொன்ன கதைதான். உங்கள் பணத்தில் மச்சான் பெயரில் வாங்கினால் பினாமிச் சட்டம் வரும்.

அப்பாரு (தாத்தா) பேர்ல இருக்கற பட்டா, பாகத்துல எனக்கு வர்ற நிலம், அதையும் வச்சுக்கக் கூடாதுங்களா?

வச்சுக்கலாம். வாரிசாக வந்தது, உயிலில் வந்தது, இங்கே வசித்தபோது வாங்கியது மூன்றையும் எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். இன்னொரு என்ஆர்ஐக்கு விற்க முடியாது. அப்பாரு பெயரிலேயே பட்டா கிடந்தால் முதலில் வாரிசுச் சான்று, பிறகு பாகப் பத்திரம், பிறகு பட்டா மாற்றம் என்ற வரிசையில் போங்கள். பட்டா மாறும்வரை யாரும் முழு விலை தர மாட்டார்கள்.

விற்ற பணத்துக்கு வரி உண்டா என்பது நிலம் இருக்கும் தூரத்தைப் பொறுத்தது. ஊரகப் பகுதி விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகர எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் அளப்பார்கள்: மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கு மேல் 8. அதற்குள் இருந்தால் நகர்ப்புற நிலம். பேரூராட்சி கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள்; 10,000 பேர் இருந்தால் பேரூராட்சியும் வரும். கோவையைச் சுற்றி இந்த 8 கிலோமீட்டருக்குள் தப்பும் தோட்டம் குறைவு.

வரி உண்டென்றால், வாங்குபவர் உங்களுக்குத் தரும் பணத்தில் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கும்போது பிடிக்கும் 1 சதவீதம் இங்கே பொருந்தாது. நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். குறைவாகப் பிடிக்க வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே சான்று வாங்கலாம். நீங்கள் என்ஆர்ஐ என்பதை வாங்குபவரிடம் மறைத்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும், அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.

தோப்பைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கே குத்தகைக்கு விட்டுப்போட்டுப் போலாமுங்களா?

வாய்ப்பேச்சில் விடாதீர்கள். சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றுவதைத் தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தன் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றவும் கேட்கலாம். நல்ல மனிதர்தான், அவர் மகன் எப்படியோ.

நிலத்தை விடாமல், காயை விற்பது நல்லது. வெட்டுக்கு வெட்டு வியாபாரியிடம் காய் எண்ணிக்கைக்கு விலை பேசி, பணத்தை என்ஆர்ஓவில் போடச் சொல்லுங்கள். தண்ணீர் பாய்ச்சவும் உரம் வைக்கவும் மாதச் சம்பளத்துக்கு ஆள். பண்ணையம் உங்கள் பெயரில் நடந்ததற்கு உர ரசீது, கூலிக் கணக்கு, காய் விற்ற சீட்டு மூன்றும் சாட்சி; படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது எல்லை வரப்பான பொழி நான்கையும் நடந்து பார்த்துவிடுங்கள். வண்டித்தடம் ஒரு அடி நகர்ந்திருந்தால் அப்போதே கேட்க வேண்டும்.

பவர் எழுதிக் குடுத்தாப் போதுமுன்னு சொல்றாங்க. எப்படிங்க எழுதறது?

விடுமுறைக்கு வரும்போது சார்பதிவாளர் முன்னால் எழுதிப் பதிந்துவிடுவதுதான் எளிது. வர முடியாதபோது: ஊர்ப் பத்திர எழுத்தர் வரைவு தயாரிப்பார், அதை அங்கே அச்சடித்து, பாஸ்போர்ட்டோடு இந்தியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்தும் கைரேகையும் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊர் நோட்டரியும், அந்நாட்டு அரசு போடும் அப்போஸ்டில் என்ற சான்று முத்திரையும். மூலத்தைக் கூரியரில் அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். தேதிக்கு ஆதாரம் அந்தக் கூரியர் உறைதான், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பவர் ஏஜெண்ட் விற்கப் போகும்போது, நீங்கள் உயிரோடு இருப்பதாகச் சமீபத்திய சான்றும் கேட்பார்கள். கொடுத்தவர் இறந்தால் பவரும் அதோடு செத்துவிடும்.

எந்தக் காரியத்துக்கோ அதற்கு மட்டும் கொடுங்கள். பட்டா மாற்றவும் ஈபி இணைப்புப் பார்க்கவும் கொடுக்கும் பவரில் 'கிரயம் செய்யவும்' என்ற வரி எதற்கு? சர்வே எண் போட்டு, அதிகாரங்களை எண்ணி எழுதுங்கள். கொடுத்தபின் மாதம் ஒருமுறை பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பார்க்கக் காசு கிடையாது.

அப்பா பேர்ல இருக்கற எடத்துல நான் பணம் அனுப்பித்தான் வீடு கட்டுனோம். இப்ப தங்கச்சி பங்கு கேக்கறாளுங்க.

கேட்க அவருக்கு உரிமை உண்டு. இடம் யாருடையதோ, பொதுவாகக் கட்டடமும் அவருடையதுதான். அப்பா எழுதி வைக்காமல் போனால் அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-லிருந்தே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பணத்துக்கு வங்கிச் சான்று இருந்தால் கணக்குப் பேசலாம், வீடு முழுக்கத் தனக்கே என்று கேட்பது நிற்காது. கோர்ட்டுக்குப் போகும் முன், இரண்டு பக்கப் பங்காளிகள் முன்னிலையில் தங்கச்சிக்கு என்ன தருவது என்று பேசி விடுதலைப் பத்திரம் எழுதுவது மலிவு.

இனிமேல் கட்டப் போகிறவர்கள் அஸ்திவாரம் போடும் முன் மனையை உங்கள் பெயருக்குச் செட்டில்மெண்ட் வாங்குங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சம் 10,000. இடம் வருவாய்ப் பதிவில் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால் முன்னே சொன்ன தடையால் என்ஆர்ஐக்குச் செட்டில்மெண்ட் எழுத முடியாது. அப்போது வழி உயில்தான். உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிந்த உயிலோடு சண்டை போடுவது கஷ்டம், அதனால் பதிந்துவிடுங்கள்.

பாப்பா இங்கதான் பொறந்தா. ஊர்ல அவ பேருக்குப் போட்ட செல்வமகள் சேமிப்பு என்னங்க ஆகும்?

குழந்தை என்ஆர்ஐ என்றால் செல்வமகள் கணக்கை மூடிவிட வேண்டும். அஞ்சலகத்தில் சொல்லாமல் விட்டால் வட்டியைத் திரும்பப் பிடிப்பார்கள். பிபிஎஃப் அப்படியில்லை, இங்கே இருந்தபோது தொடங்கியதை 15 வருடம் முடியும்வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது. பிறந்த நாட்டில் குடியுரிமை கிடைக்காத குழந்தை என்றால், ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியுங்கள். தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் பிறந்தால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்கும். பிறகு ஓசிஐ வாங்கலாம்.

என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லைன்னீங்க. அமெரிக்காவுல கேக்கறாங்களே?

வரி இல்லை என்பது இந்தியாவில். அமெரிக்க வரி வசிப்பாளர் உலகத்தில் எங்கே வந்த வருமானத்தையும் அங்கே காட்ட வேண்டும். என்ஆர்இ வட்டி, வாடகை, தேங்காய்ப் பணம் எல்லாம் சேரும். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். அது தவிர, வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கை தனியாகத் தர வேண்டும். அம்மாவோடு கூட்டாக உள்ள கணக்கில் ஒரு ரூபாய் உங்களுடையது இல்லாவிட்டாலும் அதுவும் கணக்கில் வரும். சும்மா பெயர் சேர்த்து வைத்திருக்கும் கணக்குகளிலிருந்து பெயரை எடுத்துவிடுவது நல்லது.

இப்ப சிட்டிசன்ஷிப் வாங்கப் போறேன். பொறவு தோட்டம் கையை விட்டுப் போயிருமுங்களா?

போகாது. பாகத்தில் வந்ததும், இங்கே வசித்தபோது வாங்கியதும் ஓசிஐ ஆனபின்னும் உங்களுடையதே. புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டுரிமை கிடையாது. விற்றாலும் தானம் எழுதினாலும் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான். அமெரிக்கப் பிரஜையான உங்கள் மகனுக்குத் தோட்டத்தைத் தானமாக எழுத முடியாது, உயிலில் எழுதி வைக்கலாம்.

வரிசை இது: குடியுரிமைச் சான்று கைக்கு வந்ததும் இந்திய பாஸ்போர்ட்டைச் சரண்டர் செய்து சான்று வாங்குங்கள், அதை வைத்து ஓசிஐக்கு விண்ணப்பியுங்கள், பிறகு வங்கிக் கேஒய்சியையும் பானையும் மாற்றுங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் ஊருக்கு ஒரு நடை வந்துபோகலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்கு அபராதம் உண்டு. ஓசிஐ அட்டை வர வாரக்கணக்கில் ஆகும். இடையில் வீட்டில் கல்யாணமோ காரியமோ வரும் என்றால் புது பாஸ்போர்ட்டில் இந்திய விசா ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.